நான்கு வாடகை வீடுகளும் பூச்சு முடியாத ஒரு சொந்த வீடும்

2021 மார்ச்சில், கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன் - பூநகரி வீதியிலிருந்து சற்று உள்ளே இரண்டு பரப்புக் காணி (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) வாங்கியபோது எனக்கு வயது 50. எங்கள் ஆட்கள் அந்த வயதில் மகளுக்குச் சீதன வீடு கட்டத் தொடங்குவார்கள். நான் எனக்கே முதல் வீடு கட்டப் புறப்பட்டேன். அரிசி ஆலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறவன் நான். ஆனாலும் சொந்தக் கணக்கில் எத்தனை இடத்தில் பிழைவிட்டேன் என்பதை இப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடிகிறது. வன்னியில் நாற்பதைத் தாண்டி, வாடகைக்கு இருப்பதா வீடு வாங்குவதா என்று யோசிக்கிறவர்களுக்கு இது ஏதாவது உதவலாம்.

முதலில், ஏன் இவ்வளவு காலம் வாடகைக்கு இருந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்களுக்கு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஏக்கர் காணி இருந்தது. அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிற் காணி. "காணி இருக்கிறதுதானே" என்ற தைரியத்தில்தான் என் இருபதுகளும் முப்பதுகளும் போயின. அப்பா இறந்த பிறகு பிரதேச செயலகத்துக்குப் போனபோதுதான் விளங்கியது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி, உறுதிக் காணிபோல, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணிபோல, பிள்ளைகள் எல்லோருக்கும் பங்காகப் பிரிந்து போவதில்லை. பெர்மிற்காரரின் மனைவியின் காலத்துக்குப் பிறகு, அவர் யாரைப் பின்னுரித்தாளராக நியமித்தாரோ அவருக்கே போகும். அப்பா அண்ணையின் பெயரைக் கொடுத்திருந்தார். அப்பாவில் எனக்குக் கோபமில்லை, அண்ணை மூத்தவர் என்று எழுதியிருப்பார். ஆனால் அந்தத் தாளை நான் இருபத்தைந்து வயதில் வாங்கிப் பார்த்திருந்தால் இவ்வளவு காலம் இல்லாத காணியை நம்பியிருக்கமாட்டேன். பெற்றோரின் பெர்மிற்றில் யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுக் கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள்.

போர் முடிந்து மெனிக் பாம் முகாமிலிருந்து 2010 இல் வெளியே வந்தோம். பின்னர் இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது, காணி வைத்திருந்த அண்ணைக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. என் பெயரில் காணி இல்லாததால் எனக்கு அந்த வழி இல்லை. கிளிநொச்சியில் ஆலை வேலை திரும்பக் கிடைத்தது. அப்படித்தான் முதலாவது வாடகை வீடு.

அதை வீடு என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் ஷெல் போன ஓட்டை, கூரையில் பாதி இல்லை. வாடகை 3,000 ரூபா. கூரையை நாங்களே போட்டு அந்தச் செலவை வாடகையில் கழிப்பதென்று வீட்டுக்காரருடன் வாய்ப்பேச்சு. எட்டு மாதம் கழித்தோம். ஒன்பதாம் மாதம் அவர், "நான் ஐந்து மாதம்தான் சொன்னேன்" என்றார். சண்டை பிடிக்கவில்லை. அன்றிலிருந்து முத்திரை ஒட்டிய ஒப்பந்தம் இல்லாமல் ஒரு வீட்டுக்கும் போனதில்லை.

இரண்டாவது வீடு நல்ல வீடு. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தபோது பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்தோம், அவ்வளவு கிட்ட. ஆனால் சொந்தக்காரர் வெளிநாட்டில். நான்கு ஆண்டுகளின் பின்னர் ஒரு நாள் அவருடைய தம்பி வந்து, "அண்ணா குடும்பம் கோவில் திருவிழாவுக்கு வருகிறது, நிரந்தரமாகவும் இருக்கலாம்" என்று சொன்னார். ஒப்பந்தத்தில் ஒரு மாத அறிவித்தல் என்றுதான் எழுதியிருந்தோம். ஒரு மாதத்தில் வீடு தேடுவது என்பது கிடைத்த வீட்டுக்குப் போவது என்றுதான் பொருள். இப்போது யாராவது கேட்டால் மூன்று மாதம் எழுதுங்கள் என்று சொல்கிறேன். வாடகையில் 500 ரூபா கூடக் கொடுத்தாவது அந்த மூன்று மாதத்தை வாங்கிவிடுங்கள். வன்னியில் பாதிக்கு மேல் நல்ல வாடகை வீடுகள் வெளிநாட்டுக்காரருடையவை என்பது என் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு. அவர்கள் எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அப்படி அவசரத்தில் கிடைத்ததுதான் மூன்றாவது வீடு. 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தன, மாவட்டத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் நின்றது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மனைவியின் தையல் இயந்திரத்தை மேசைக்கு மேல் மேசை வைத்துத் தூக்கினோம். மறுநாள் பாடசாலை ஒன்றில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது எனக்கு ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி வந்தது: நல்லவேளை, இது என்னுடைய வீடு இல்லை. தண்ணீர் வடிந்ததும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டோம். சொந்தக்காரர்தான் சுவரையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். வாடகையின் நன்மையை அன்றைக்கு அறிந்த அளவுக்கு வேறெப்போதும் அறியவில்லை.

நான்காவது வீட்டுக்கு வாடகை 18,000. அங்கேதான் வாடகையின் மறுபக்கம் உறைத்தது. மனைவி வீட்டில் சட்டை தைப்பவள். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் வாடிக்கையாளரில் பாதிப்பேர் போய்விடுவார்கள், மறுபடி ஆட்களைச் சேர்க்க ஒன்றரை ஆண்டு பிடிக்கும். இந்த இழப்பை நான் எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. வாடகை, மின்சாரம், லொறிக் கூலி என்று எல்லாம் எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை. அவள்தான் ஒரு நாள் இரவு சொன்னாள்: "நான்கு வீடு மாறினோம். நீங்கள் நான்கு முறை சாமான் ஏற்றினீர்கள். நான் நான்கு முறை தொழில் தொடங்கினேன்."

வீட்டிலிருந்து தொழில் செய்யும் குடும்பங்களுக்கு வாடகைக் கணக்கு வேறு. மாதச் சம்பளத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு வேறு.

அதன் பிறகுதான் காணி தேடத் தொடங்கினேன். முதலில் வந்தது ஏமாற வைக்கக்கூடிய ஒரு வாய்ப்பு. நகரத்துக்குக் கிட்டக் கால் ஏக்கர், கிணறும் பத்துத் தென்னையும், சந்தை விலையில் பாதி. சொந்தக்காரர் கனடாவில், இங்கே அவருடைய மைத்துனரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாகக் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம். தரகர் மூன்று நாளில் முற்பணம் கேட்டார். பெர்மிற் காணிதான், ஆனால் "எல்லோரும் இப்படித்தான் வாங்கி இருக்கிறார்கள்" என்றார். அது பொய்யல்ல, பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, காசைக் கொடுத்து, மதிலும் கட்டி இருக்கிறார்கள். நான் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அந்தக் காணியைக் கைமாற்றினால் செல்லாது. அப்படியானால் வங்கி அதற்குக் கடன் தராது, நாளைக்குப் பெர்மிற்காரரின் பிள்ளைகள் வந்தால் என் கையில் வெள்ளைத்தாள்தான் இருக்கும். மனைவிக்கு அந்தத் தென்னைகளில் கண். ஒரு கிழமை என்னுடன் சரியாகப் பேசவில்லை.

2024 இல் 'உறுமய' என்ற பெயரில் பெர்மிற்காரருக்கு முழு உரிமை உறுதி கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. அதைக் காட்டித் தரகர்கள் "நாளைக்கு உறுதி வந்துவிடும்" என்று விற்கத் தொடங்கினார்கள். உறுதி வரட்டும், வந்த பிறகு வாங்கலாம். வருவது பெர்மிற்காரரின் பெயருக்கே தவிர, வெள்ளைத்தாள் வைத்திருக்கிறவரின் பெயருக்கு அல்ல.

பரந்தன் பக்கத்துக் காணி உறுதிக் காணி. பரப்பு ஏழு இலட்சம், இரண்டு பரப்பு 14 இலட்சம். உறுதி எழுதிய எங்கள் நொத்தாரிசு ஒரு பிடிவாதக்காரர், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடாமல் உறுதி எழுதமாட்டேன் என்று நின்றார். விற்பவரின் மனைவியும் கையொப்பமிட வேண்டும் என்றார். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் திருமணத்தின் பின்னர் வாங்கிய சொத்து தேடியதேட்டம், மனைவிக்கும் அதில் பாதி. காணி பங்குக் காணியாக இருந்திருந்தால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அறிவிக்க வேண்டியிருந்திருக்கும் என்றும் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். பத்து ஆண்டு ஆட்சியில் இருந்ததைக் காட்டி உரிமை கேட்கிறவர்கள் வன்னியில் நிறைய. ஆனால் போரினால் தம் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை அப்படியானவர்களுக்கு எதிராக எண்ணமுடியாது. ஆகவே "நான் முப்பது ஆண்டாக இருக்கிறேன்" என்று ஒருவர் விற்க வந்தால், எந்த முப்பது ஆண்டு என்று கேளுங்கள்.

முத்திரைத் தீர்வையையும் கணக்கில் வைத்திருங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். எங்களுக்கு 55,000 ரூபா. அதற்குமேல் நொத்தாரிசின் கட்டணம், நில அளவையாளரின் கூலி. பலர் காணி விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய், உறுதி எழுதும் நாளில் நகை அடகு வைக்கிறார்கள். நாங்களும் வைத்தோம்.

இவ்வளவும் செய்தாலும் மார்கழியில் பார்க்காத காணியை வாங்காதீர்கள். பங்குனியில் எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான். நான் பங்குனியில் வாங்கினேன். அதற்குமுன் பக்கத்து வளவில் இருந்த ஒரு வயதான ஐயாவிடம் 2018 வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டேன். அவர் தன் வேலிக் கதியாலில் கையை வைத்துக் காட்டினார், முழங்காலுக்குக் கீழே. அத்திவாரத்தை அந்தக் கைக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்தினேன். நில அளவைப் படத்தில் இல்லாத அளவு அது.

இனி என் பிழைகள்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு, வாடகை ஆற்றில் கரைத்த புளி என்று. நானும் அதையே சொல்லிக்கொண்டு வங்கிக்குப் போனேன். ஆண்டுக்கு வாடகை 2,16,000 ரூபா. நான் எடுத்த கடன் 20 இலட்சம், வட்டி 11 வீதம். முதலாண்டு வட்டியை மட்டும் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 2,20,000. அதே ஆறு, அதே புளி. கரைக்கிற இடம்தான் வேறு. இதைக் கணக்குப் பிள்ளையான நான் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைத்து மூன்று மாதத்தின் பின்னர்தான் போட்டுப் பார்த்தேன். ஆசை என்று வந்துவிட்டால் கணக்குத் தெரிந்தவனும் கண்ணை மூடிக்கொள்கிறான்.

வயதுக்குக் கொடுக்கும் விலை இன்னொன்று. 60 வயதுக்கு முன்னர் கடன் முடியவேண்டும் என்று வங்கி சொன்னது, எனக்கு இருந்தது பத்து ஆண்டு. மாதத் தவணை 27,550. இதே கடனை முப்பத்தைந்து வயதில் இருபத்தைந்து ஆண்டுக்கு எடுத்திருந்தால் 19,600 வந்திருக்கும். மொத்த வட்டி கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளைகள் இருவரும் படிக்கும் காலத்தில் மாதம் எட்டாயிரம் என்பது ரியூசன் காசு. நாற்பதுக்குப் பின்னர் கடன் எடுக்கிறவர்கள் "எவ்வளவு தருவார்கள்" என்று கேட்கிறார்கள். "எத்தனை ஆண்டுக்குத் தருவார்கள்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியில் இருந்து 30 வீதத்தை வீட்டுக்காக எடுக்கலாம் என்பதால் ஆறு இலட்சம் அதிலும் எடுத்தேன். அது சரியா பிழையா என்று இன்றும் தெளிவில்லை. வட்டியில்லாத காசுபோலத் தெரிந்தது. உண்மையில் எழுபது வயதில் நான் சாப்பிடவேண்டிய சோறு அது.

ஆகக் கட்டுமானத்துக்கு 26 இலட்சம். 700 சதுர அடி, மேசன் சொன்ன மதிப்பும் அதற்குக் கிட்டத்தான். 2021 செப்ரெம்பரில் அத்திவாரம் வெட்டினோம். அதன் பிறகு நடந்ததை இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவுக்குக் கிட்ட விற்ற சீமெந்து மூட்டை 2022 நடுவில் மூவாயிரத்தைத் தொட்டது. டீசல் இல்லாமல் மணல் லொறி வரவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. என் கடன் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில், வட்டி சந்தை நிலவரப்படி மாறும் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் வாசித்திருந்தேன், வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் வட்டி 24 வீதம், தவணை ஏறத்தாழ 43,000. பக்கத்தில் வாடகை 18,000.

இரண்டையும் பதின்மூன்று மாதம் கட்டினோம். அதுதான் ஆகப் பெரிய பிழை. லிண்டலுக்கு மேல் நாலு வரிசைக் கல், கூரை இல்லை, கையில் காசு இல்லை. ஒவ்வொரு மாதமும் கூரைக்குச் சேர்க்கவேண்டிய காசு வாடகையாகப் போய்க்கொண்டிருந்தது. முதலிலேயே இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு மலசலகூடம் என்று சிறிதாகக் கட்டி, கூரை போட்டு, உள்ளே போய் இருந்துகொண்டு மிச்சத்தைக் கட்டியிருக்க வேண்டும். இந்திய வீட்டுத்திட்டக் காலத்தில், கொடுத்த காசுக்கு மேலாகப் பெரிய அத்திவாரம் போட்டுவிட்டு முடிக்கமுடியாமல் கடன்பட்டவர்களை அண்ணையின் கிராமத்திலேயே பார்த்தவன் நான். பார்த்தும் அதையே செய்தேன். விறாந்தை வேண்டும், சாமியறை வேண்டும், மகளுக்குத் தனி அறை வேண்டும். ஐம்பது வயதில் ஒருமுறைதானே கட்டுகிறோம் என்ற எண்ணம்தான் ஆளை விழுத்துகிறது.

2022 நவம்பரில் சுவருக்குப் பூச்சு இல்லாமல், நிலத்துக்குச் சீமெந்து இழுக்காமல், இரண்டு அறைக்கு மட்டும் கதவு போட்டுக் குடிபூர்ந்தோம். பால் காய்ச்சிய அடுப்புக்கல்லே மூன்று சீமெந்துக் கல்தான். மழை அடித்தால் சுவரில் ஈரம் ஊறும். ஆனாலும் மனைவி அடுத்த வாரமே தையல் இயந்திரத்தை விறாந்தையில் போட்டுவிட்டாள். தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்குப் பூச்சில்லாத சுவர் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 2023 நடுவிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. இப்போது மூச்சு விடலாம். கடன் 2031 இல் முடியும்.

அப்படியானால் வாங்கியது நல்லதா என்று கேட்டால், காணியை வாங்கியது நல்லது, வீட்டைக் கட்டிய விதம் பிழை என்றுதான் சொல்வேன். இன்றைக்கு அந்தக் காணியை 14 இலட்சத்துக்கு நினைத்தும் பார்க்கமுடியாது. அது என் கெட்டித்தனமல்ல. ஓர் ஆண்டு பிந்தியிருந்தால் வாடகைதான் புத்தி என்று எழுதிக்கொண்டிருப்பேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் 48 வயதில் வாடகைக்கே இருக்கிறார், மகன் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பல்கலைக்கழகப் பீடத்தில் பொறியியல் படித்து முடிக்கும்வரை அசையமாட்டேன் என்கிறார். அவருக்கு ஊரில் உறுதிக் காணி இருக்கிறது, மனைவிக்கு அரச சம்பளம் வருகிறது. அவர் செய்வது சரி. என் நிலைமையில் அது சரியாக இருந்திருக்காது.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு காரணம் இருந்தது. அதை வங்கியில் சொல்ல முடியாது. 2008 இல் இடம்பெயரத் தொடங்கியபோது நாங்கள் வீட்டுக் கூரையின் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நின்ற இடமெல்லாம் அதைக் கொண்டு கொட்டில் போட்டோம், மறுபடி கழற்றினோம். கதவு நிலையைக்கூடத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் மணலில் விட்டுவிட்டு வந்தோம். அதன் பிறகு கழற்ற முடியாத ஒன்றைக் கட்டுவதற்கு எனக்குப் பன்னிரண்டு ஆண்டு பயம். "வாடகை இலாபம்" என்று நான் போட்ட பழைய கணக்குகளை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதி கணக்கு, பாதி அந்தப் பயம். என் வயதுக்காரர் பலர் கையில் காசு இருந்தும் கட்டாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது 78. கூரைக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்று மேசன் கேட்டபோது அவர் தகரம் என்றார், ஆணி வேண்டாம், நட்டுப்போட்டுப் பூட்டு என்றார். நான் ஓடுதான் போட்டேன். முகாமிலிருந்து வந்தபோது தந்த தகரங்களில் ஏழு அவரிடம் மிச்சம் இருந்தது. நான்கு வாடகை வீட்டுக்கும் அவற்றைக் கொண்டுவந்தார், ஐந்தாவதற்கும் கொண்டுவந்தார். குசினிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது.

போன மாதம் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து அந்த ஏழு தகரத்துக்கும் விலை கேட்டார். அம்மா உள்ளே படுத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தையல் இயந்திரத்தில் இருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே, "அது விற்பதற்கில்லை, ஐயா" என்றாள்.